பித்தப்பைக் கல்: மாத்திரையில் யாருக்குக் கரையும்?

கேள்வி: நாங்கள் உசிலம்பட்டி. அம்மாவுக்கு வயது 52, எடை 60 கிலோ, சுகர் பிரஷர் எதுவும் இல்லை. விசேஷ வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு வந்தால் அன்று ராத்திரி நெஞ்சுக்குழியில் வலி பிடித்து, வலது தோள்பட்டை வரை இழுக்கிறது. நாலு மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டது. ஸ்கேனில் பித்தப்பையில் மூன்று கல், பெரியது 14 மி.மீ. ஆபரேஷன் என்றதும் அம்மா பயப்படுகிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாத்திரையிலேயே கரைந்ததாம். நாமும் கொடுக்கலாமா?

பதில்: அந்த அக்கா சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் அவருடைய கல்லும் உங்கள் அம்மாவின் கல்லும் ஒன்றல்ல.

அந்த மாத்திரை உர்சோடியாக்சிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் இயல்பாகவே கொஞ்சம் இருக்கும் பொருள்தான். கல்லீரல் பித்தநீருக்குள் தள்ளும் கொலஸ்ட்ராலை இது குறைக்கிறது. அப்போது பித்தநீர், கல்லின் மேல்பரப்பில் இருக்கும் கொலஸ்ட்ராலைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே கரைவதால் அளவு முக்கியம். பொடிக் கற்கண்டு கரைகிற வேகத்தில் கட்டிக் கற்கண்டு கரையாது இல்லையா? 5 மி.மீ.க்குக் குறைவான, பித்தநீரில் மிதக்கிற கல்லில்தான் நல்ல பலன். நன்றாகக் கேட்டாலே மாதம் சுமார் 1 மி.மீ.தான் குறையும்.

கல் கொலஸ்ட்ராலாகவும் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் நிறமிக் கல்லும் (பித்தநீரின் நிறப்பொருள் கட்டியானது) கலப்புக் கல்லும் (இரண்டும் கலந்தது) வட இந்தியாவைவிட அதிகம். ஆபரேஷன் முடிந்து டிரேயில் எடுத்துக் காட்டும்போது பாருங்கள்: நிறமிக் கல் என்றால் மிளகு மாதிரிக் கறுப்பாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் உதிர்ந்துவிடும். இந்தக் கல்லுக்கு எத்தனை வருடம் மாத்திரை போட்டாலும் வீண். சுண்ணாம்பு படிந்த கல்லும் அப்படித்தான். எக்ஸ்ரேயிலோ சிடி ஸ்கேனிலோ கல் வெள்ளையாகத் தெரிந்தால் மாத்திரைப் பேச்சை விட்டுவிடலாம். பித்தப்பையும் வேலை செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு ஸ்கேன், நெய்யோ முட்டையோ சேர்த்துச் சாப்பிட்டபின் ஒரு ஸ்கேன் எடுத்தால் பை சுருங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

இத்தனையும் பொருந்தினாலும் 60 கிலோ எடைக்குத் தினம் 500 முதல் 600 மி.கி. வரை, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் போட வேண்டும். கரைந்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் திரும்ப வருகிறது, கல் உருவாக்கிய பை அங்கேயே இருப்பதால். ஆபரேஷன் தாங்காத உடம்புக்காரர்களுக்கு இது நல்ல வழி. உங்கள் அம்மாவுக்கு இல்லை. 14 மி.மீ. கல், அடிக்கடி வலி, மற்றபடி நல்ல உடம்பு: லேப்ராஸ்கோப்பியில் பையை எடுத்துவிடுவதே சரி. பித்தநீர் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்து வைக்கிற இடம் மட்டுமே என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பாதிப் பயம் போகும். பெரியாஸ்பத்திரிக்குப் போவதானால் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

(வலியே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.)

வாழைத்தண்டுச் சாறு கொடுத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுவது. பித்தப்பைக்குள் அது போகவே போகாது. ஆபரேஷன் தேதி வருமுன் குளிர்காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலி ஐந்து மணி நேரம் தாண்டினாலோ, கேஸ் என்று சோடா குடிக்க வைக்காமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.