இதயத் துடிப்பைப் பாதிக்கும் மருந்துகள்: சேர்த்துக் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தினமும் நீர் மாத்திரை சாப்பிடும் எழுபது வயது அம்மாவுக்குக் காய்ச்சல், வாந்தி. வேளச்சேரி மருந்துக்கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஆன்டன்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையும் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டுமே ஈசிஜியில் கியூடி எனப்படும் இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்தூண்டல் பெற்று அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரத்தை, நீட்டக்கூடியவை. ஒன்றை மட்டும் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபுரோசெமைடு போன்ற நீர் மாத்திரை பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் குறைக்கும். சென்னை வெயிலில் வாந்தியும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். அப்போது துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம், அரிதாக உயிரே போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

ஈசிஜியும் பொட்டாசியம் அளவும் பார்ப்பது நல்லது. துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் பொதுவாக வேறு மருந்துதான் தேடுவார்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மயக்கமோ கடும் படபடப்போ வந்தால் உடனே 108.