இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றிக் கரைந்த எலும்பை மறுபடி வளர்க்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லாருக்கும் இல்லை. இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் திருகு, அதன் மேல்தான் செயற்கைப் பல் நிற்கும். எலும்பு எந்த வடிவத்தில் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிண்ணம் மாதிரி குழிந்து, பக்கச் சுவர்கள் நின்றால் அதில் போடும் எலும்புத் துகள் நகராமல் தங்கும், தேவைப்பட்டால் மேலே சவ்வு வைத்து, ஈறு முந்திக்கொண்டு உள்ளே வளராமல் தடுப்பார்கள். சுற்றிலும் ஒரே மட்டமாக இறங்கியிருந்தால் துகள் நிற்கவே இடமில்லை.

அதைவிடக் கஷ்டம் சுத்தம் செய்வதுதான். எலும்பு பிடிக்கட்டும் என்று சொரசொரப்பாகச் செய்த டைட்டானியம் திருகு, இப்போது அதே சொரசொரப்பில் கிருமிப் படலத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈறைத் திறந்து மரை மரையாகத் தேய்த்தெடுக்காமல் துகளைக் கொட்டுவது வீண். அப்புறம், மாதங்கள் கழித்து எக்ஸ்ரேயில் குழி நிரம்பித் தெரிந்தாலும் எலும்பு திருகோடு ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை, துகளே வெள்ளையாகத்தான் தெரியும். சிகரெட் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். மேலே உள்ள பல் மட்டுமில்லாமல் திருகே ஆடுகிறது என்றால், சரி, கழற்றத்தான் வேண்டும்.