பின்னிறகின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

உப்புவெளி வாசகி ஒருவரின் கேள்வி: “வளவில் நட்ட தென்னம்பிள்ளையில் மண்ணிறப் பூச்சி ஒன்று அடிக்கடி வந்து இருக்கிறது. இறகை மடித்தால் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. இது விட்டிலா, வண்ணத்துப்பூச்சியா? பிள்ளைக்குக் கேடு வருமா?”

வண்ணத்துப்பூச்சிதான். ஸ்கிப்பர் குடும்பத்தில் பாம் பொப் என்ற இனம். அறிவியற் பெயர் சுவாஸ்டஸ் கிரெமியஸ். நீங்கள் கண்ட கறுப்புப் புள்ளிகளே இதைக் காட்டிக் கொடுத்துவிட்டன.

விட்டில் என்று நினைத்ததில் வியப்பில்லை. ஸ்கிப்பர்களுக்குத் தடித்த உடம்பு, பெரிய தலை, பெரும்பாலும் மங்கிய நிறம். ஆனால் உணர்கொம்பின் நுனி தடித்து வளைந்திருக்கும். விட்டில்களில் அப்படி இருப்பது அபூர்வம்.

மேற்பக்கம் கடும் மண்ணிறம். முன்னிறகில் மட்டும் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். ஒளி ஊடுருவக்கூடியவை, பின்னாலிருந்து வெயில் பட்டால் பளிச்சென்று தெரியும். அழகுதான், ஆனால் இதை வைத்து இனம் பிரிக்கப் போனால் குழம்பிப் போவீர்கள். நம் பக்கத்து ஸ்கிப்பர்களில் பலவற்றுக்கு இதே கோலம். நம்பத்தக்க அடையாளம் பின்னிறகின் அடிப்பக்கம்: சாம்பல் கலந்த மண்ணிறத்தில் சில கரிய புள்ளிகள். எத்தனை என்பது பூச்சிக்குப் பூச்சி மாறும், எண்ணித் தலையை உடைக்க வேண்டாம். செதில் உதிர்ந்த கிழட்டுப் பூச்சியில் புள்ளிகள் மங்கியிருக்கும்.

தம்பலகாமம் வயற்பக்கம் போனால் கிட்டத்தட்ட இதே அளவில் ரைஸ் ஸ்விஃப்ட் பறக்கக் காணலாம். அதன் பின்னிறகின் அடியில் இருப்பவை வெள்ளைப் பொட்டுகள். புழு நெல்லையும் புல்லையும் தின்னும். தென்னைக்கு வரும் இன்னொன்று ஜயன்ட் ரெட் ஐ. சிவந்த கண், முன்னிறகில் பெரிய மஞ்சள் பொட்டுகள், விரித்தால் 7 செ.மீ. அளவு. கருக்கலில்தான் பறக்கும், சிலவேளை விளக்கைத் தேடி வீட்டுக்குள்ளும் வரும்.

படம் எடுப்பதானால் பக்கவாட்டில், இறகு மூடியிருக்கும்போது எடுங்கள். காலை வெயில் காயும்போது பின்னிறகைத் தட்டையாகப் பரப்பி முன்னிறகைப் பாதி தூக்கி வைத்திருக்கும்; அப்போது அடிப்பக்கம் தெரியாது.

சரி, பிள்ளைக்குக் கேடா? அடிக்கடி வருகிறதென்றால் முட்டையிட வந்திருக்கலாம். தென்னை, பனை, கமுகு, ஈச்சை எல்லாம் இதன் புழுவுக்கு உணவு. ஓலையிதழை மடித்து நூலால் ஒட்டி, அதற்குள் இருந்தபடி தின்னும். நாலைந்து இதழ் கிழிந்தால் பிள்ளை சாகாது, மருந்தும் வேண்டாம். மனம் பொறுக்காவிட்டால் மடிப்பைப் பிரித்துப் புழுவைக் கையால் எடுத்துவிடுங்கள். குருத்தோலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல ஆப்பு வடிவ வெட்டுகள் தெரிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். அது காண்டாமிருக வண்டின் வேலை, குருத்தையே துளைத்துவிடும்.