100 தாள் 190 ரூபாய்: அந்த பாக்கெட்டை வாங்கலாமா?

கேள்வி: அப்பாவின் முதல் வருடத் திதி அடுத்த மாதம் வருகிறது. பழைய ஆல்பத்தில் இருக்கும் படங்களை ஸ்கேன் செய்து 150 படங்களை 4×6 அளவில் புது ஆல்பமாகப் போட ஆசை. திதிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு அப்பா படம் ஒன்று கொடுக்க 60 பிரதி வேண்டும். பூஜை அறைக்கும் பெரிதாக ஒன்று. வீட்டில் நாலு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. தெருமுனை ஸ்டுடியோவில் ஒரு படத்துக்கு 15 ரூபாய் கேட்கிறார்கள். ஆன்லைனில் 180 ஜிஎஸ்எம் கிளாசி 100 தாள் 190 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 270 ஜிஎஸ்எம் என்றால் 50 தாளே 425 ரூபாய். எதை வாங்குவது? வீட்டில் போட்டால் உண்மையிலேயே மிச்சமா?

பதில்: உங்களுக்கு வேண்டியது மூன்று வேலை. மூன்றுக்கும் ஒரே தாள் வாங்கப் போகிறீர்கள், அதுதான் சிக்கல். 60 பிரதிக்கு அந்த 190 ரூபாய் பாக்கெட் போதும். ஆல்பத்துக்கு அது ஆகாது. பூஜை அறைப் படத்தை வீட்டில் போடவே போடாதீர்கள்.

முதலில் ஜிஎஸ்எம் விஷயம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. தடிமனைப் பற்றி ஏதோ சொல்லும், தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் விற்பவர்கள் எல்லாரும் அந்த எண்ணை வைத்தே பேசுவார்கள், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்காமல் இருப்பதற்கு அது வசதி. கேட்க வேண்டியது: இது ஆர்.சி. தாளா, காஸ்ட் கோட்டட் தாளா?

காஸ்ட் கோட்டட் என்பது சாதாரணத் தாளின் ஒரு பக்கத்தில் மை குடிக்கும் பூச்சைத் தடவி, பளபளப்பான சூடான உருளையில் அழுத்தி மினுக்கம் ஏற்றியது. முதுகுப் பக்கம் வெறும் காகிதம். மலிவு. கறுப்பு அதிகமுள்ள படம் போட்டால் ஈரம் தாளுக்குள் இறங்கி, அப்பளம் மாதிரி வளையும். ஆர்.சி. (ரெசின் கோட்டட்) என்றால் நடுவில் காகிதம், இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் மேல் பூச்சு. ஸ்டுடியோ படத்தைக் கையில் பிடித்தால் வரும் அந்த விறைப்பு இதில்தான் வரும்.

பாக்கெட்டில் 'புரொஃபஷனல்', 'பிரீமியம்', 'ஹை கிளாசி' என்று தங்க நிறத்தில் போட்டிருப்பார்கள். இந்த இரண்டில் எது என்று பல பாக்கெட்டில் ஒரு வார்த்தை இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிட்டாக வேண்டும், போட்டோ தாளுக்கு மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. நானே ஏமாந்திருக்கிறேன். போட்டோ லேபில் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் ஆர்.சி. என்று சொல்லி 40 பாக்கெட் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் அத்தனையும் காஸ்ட் கோட்டட். திருப்பி எடுக்கவில்லை. 'ஆர்.சி. மாதிரி என்றுதான் சொன்னேன்' என்றார் கடைக்காரர்.

அன்றிலிருந்து நான் செய்யும் சோதனை இது, நீங்களும் செய்யலாம். ஒரு தாளை எடுத்து முதுகுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிஷம் காத்திருங்கள். தண்ணீர் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்துப் புடைத்தால் காஸ்ட் கோட்டட். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்று, துடைத்தால் சுவடே இல்லாமல் போனால் ஆர்.சி. சந்தேகம் தீரவில்லையா, ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். ஆர்.சி. தாள் சட்டென்று கிழியாது. கிழிந்த வாயில் நூல் மாதிரி பிளாஸ்டிக் இழுபடும். ஒரு தாள் போனாலும் பரவாயில்லை, மீதி 49 தாளின் ஜாதகம் தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கம்பெனி மை 65 மில்லி பாட்டில் ஏறக்குறைய 400 ரூபாய் என்று வைத்தால் மில்லி 6 ரூபாய்க்குச் சற்று மேல். என் அனுபவத்தில் 4×6 படம் ஒன்று அரை மில்லியைத் தாண்டுவதில்லை. ஆக மைக்கு 3 ரூபாய். 190 ரூபாய்ப் பாக்கெட் அந்த விலைக்குப் பெரும்பாலும் காஸ்ட் கோட்டட்டாகத்தான் இருக்கும்; அதில் தாள் 1 ரூபாய் 90 காசு, மொத்தம் 5 ரூபாய்க்குள். 425 ரூபாய்ப் பாக்கெட் சோதனையில் ஆர்.சி. என்று தேறினால் தாள் 8.50, மையோடு 11.50. ஸ்டுடியோவின் 15-ஐ விடக் குறைவு என்று சந்தோஷப்பட வேண்டாம். முதல் தடவை போடுபவருக்கு நூற்றுக்குப் பதினைந்து தாளாவது வீணாகும்: தலைகீழாக வைத்தது, தலை வெட்டுப்பட்டது, கோடு விழுந்தது, ஈரத்தில் விரல் பட்டது. அதைச் சேர்த்தால் 13-ஐத் தாண்டும். நடுவில் இரண்டு முறை ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் முனையின் அடைப்பை மையை விட்டே கழுவுவது) கொடுத்தால், அது குடிக்கும் மையோடு 14-ஐத் தொடும். 150 படத்துக்கு மிச்சம் 150 ரூபாய், போவது இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

இது டேங்க் பிரிண்டருக்கான கணக்கு. கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டாம். 800, 900 ரூபாய்க்கு விற்கும் சில கலர் கார்ட்ரிட்ஜில் இருக்கும் மை நாலைந்து மில்லிதான். மில்லி என்ன விலை ஆகிறது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

'ஏ4 வாங்கி வெட்டிக்கொண்டால் ஒரு தாளில் நாலு படம், மிச்சமாகும்' என்று கடையில் சொல்வார்கள். ஸ்கேலை எடுங்கள். ஏ4 தாள் 8.27 அங்குல அகலம், 11.69 அங்குல நீளம். நாலு 4×6 படத்துக்கு 8×12 வேண்டும். கால் அங்குலத்துக்கும் மேல் துண்டு விழும். சரியான அளவில் மூன்றுதான் வரும். நாலு வேண்டுமென்றால் படத்தைச் சுருக்க வேண்டும், பிறகு ஆல்பத்தின் உறையில் அது ஆடிக்கொண்டிருக்கும். வெட்டிய தாளை வாங்குங்கள்.

அந்த 60 பிரதிக்கு 180 ஜிஎஸ்எம் போதும் என்றேன். அதை வாங்குபவர்கள் மணிபர்சிலோ, காலண்டருக்குப் பின்னாலோ, டைரிக்குள்ளோ வைப்பார்கள். வெளிச்சம் படாது. தடிமனான தாள் பர்சுக்குள் மடங்கி உடையும், மெலிந்தது வளைந்து கொடுக்கும். போடும்போது பிரிண்டர் மெனுவில் தாள் வகையைக் கட்டாயம் மாற்றுங்கள். 'பிளெயின் பேப்பர்' என்று விட்டால் நிறம் மங்கும், சில பிரிண்டர்களில் கறுப்பு ஒட்டாமல் விரலில் வரும். அந்தப் பட்டியலில் கம்பெனி பெரும்பாலும் தன் சொந்தத் தாள்களின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கும், நீங்கள் வாங்கிய தாளுக்கு எது பொருத்தம் என்று கம்பெனியும் சொல்லாது, தாள் விற்றவரும் சொல்லமாட்டார். காஸ்ட் கோட்டட் தாளுக்குச் சாதாரண கிளாசி, ஆர்.சி. தாளுக்கு அதைவிட உயர்ந்த ரகக் கிளாசி என்று தொடங்குங்கள். மை தேங்கினால் ஒரு படி இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் என்றால் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவில் சுருங்கியிருக்கும். 4×6-க்கு ஒப்பேற்றலாம், ஏ4-க்கு ஆகாது. டாகுமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

ஓரம் விடாத பார்டர்லெஸ் பிரிண்ட் எல்லாருக்கும் பிடிக்கும். படம் தாளின் விளிம்பு வரை வர, மை விளிம்பைத் தாண்டியும் கொஞ்சம் தெளிக்கப்படும். தாண்டிய மை உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேரும். ஹெட் கிளீனிங்கில் வடியும் மையும் பஞ்சுக்குத்தான். இவ்வளவு மை போயிருக்கும் என்று பிரிண்டர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அது நிறைந்ததும் ஒருநாள் வேலையை நிறுத்திவிடும். இங்கேதான் ரீசெட் ஆசாமிகள் வருவார்கள். லேப்டாப்பை இணைத்து, ஐந்து நிமிஷத்தில் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு 800, 1000 என்று வாங்கிக்கொண்டு போவார்கள். பஞ்சைத் தொட்டிருக்கமாட்டார்கள். பிரிண்டர் ஓடும், நீங்களும் நன்றி சொல்வீர்கள். சில மாதம் கழித்து மேசை விரிப்பில் கறுப்பும் சிவப்புமாக மை வடிந்திருக்கும். என்னிடம் வரும் டேங்க் பிரிண்டர்களில் இப்படி வந்தவை கொஞ்சநஞ்சம் இல்லை. ரீசெட் செய்தால் பஞ்சையும் மாற்ற வேண்டும், பழைய பஞ்சை உங்கள் கண்ணில் காட்ட வேண்டும். காட்டாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள். அவரே, 'கம்பெனி மையும் இதுவும் ஒன்றுதான் சார்' என்று 100 ரூபாய் பாட்டில் நாலு எடுத்து நீட்டினால், அதையும் வாங்காதீர்கள். அந்த மையில் ஆறு மாதத்தில் முகமெல்லாம் பச்சையடித்துப்போன கல்யாணப் படங்களைப் பார்த்திருக்கிறேன்.

பூஜை அறைப் படத்துக்கு வருகிறேன். உங்கள் பிரிண்டரில் இருக்கும் கலர் மை பெரும்பாலும் சாய மையாகத்தான் (டை இங்க்) இருக்கும். இன்றைய போட்டோ தாளின் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அதனால்தான் மை உடனே காய்கிறது. அதே துளை வழியாகக் காற்றும் உள்ளே போகும். காற்றில் இருக்கும் ஓசோன் சாயத்தை மெல்ல மெல்லத் தின்னும். ஆல்பத்தின் உறைக்குள் இருந்தால் தாங்கும். பூஜை அறையில் நிலைமை வேறு: ஊதுவத்திப் புகை, விளக்குச் சூடு, கற்பூரம், மாலையிலிருந்து சொட்டும் தண்ணீர், பகலில் ஜன்னல் வெளிச்சம். இத்தனைக்கும் நடுவில் வருடக்கணக்காக நிற்க வேண்டிய படம் அது. சாய மையில் போட்டதை லேமினேஷன் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். புகையையும் தண்ணீரையும் அது தடுக்கும், வெளிச்சத்தைத் தடுக்காது. காயாத படத்தை லேமினேட் செய்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அந்த ஒரு படத்துக்கு மட்டும் லேபுக்குப் போங்கள். போய், 'கெமிக்கல் பிரிண்டா, இங்க்ஜெட்டா?' என்று கேளுங்கள். ஒளி பட்ட தாளை ரசாயனத்தில் கழுவி எடுப்பது கெமிக்கல் பிரிண்ட், உங்களுக்கு வேண்டியது அதுதான். இப்போது பல கடைகளில் லேப் பிரிண்ட் என்று கொடுப்பதும் இங்க்ஜெட்தான். டிரை லேப் என்று பெயர். தெருமுனைக் கடைகளில் சில, படத்தைப் பென் டிரைவில் வாங்கி, பக்கத்து ஊர் லேபுக்கு அனுப்பி, நடுவில் நின்று விலையை ஏற்றுகின்றன. மாவட்டத் தலைநகரில் நேராக லேபுக்கே போனால் பெரிய படத்தின் விலையும் குறையும், ஆல்பத்தின் 150 படத்தையும் மொத்தமாகக் கொடுத்தால் 10 ரூபாய்க்கும் கீழே இறங்கி வருவார்கள். ஆமாம், அந்த 150-ஐயும் அங்கேயே கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டில்தான் போட வேண்டும் என்று மனசு இருந்தால் ஆர்.சி. தாளில் போடுங்கள், செலவு மிச்சத்துக்காக வேண்டாம்.

பிரேம் போடுபவரிடம் படம் கண்ணாடியில் ஒட்டாதபடி சுற்றிலும் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் ஈரக்காலத்தில் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், பிரித்தால் அப்பாவின் நெற்றி கண்ணாடியோடு வந்துவிடும். மாலையை ஆணியில் போடாமல் பிரேமின் மேல்விளிம்பில் சாத்தினால் தண்ணீர் பின்னட்டைக்குள் இறங்கும். பின்பக்கம் டேப் ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். இதற்கு அவர் முகம் சுளிப்பார். ஒரு படத்துக்கு 20 ரூபாய் கூடக் கொடுத்தால் சுளிக்கமாட்டார்.

வீட்டில் போடும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரு நாள் முழுக்க ஆற விட்டு, அப்புறம்தான் உறைக்குள் போட வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மையில் இருக்கும் மற்ற திரவம் வெளியேற நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் கண்ணாடிக்குள் வைத்தால் உள்பக்கம் பனி படிந்த மாதிரி மங்கும்.

பழைய ஆல்பம் என்றால் கறுப்பு வெள்ளைப் படம் நிறைய இருக்கும். அவற்றைக் கலரில் விட்டால் நாலு மை பிரிண்டரில் ஒன்று பச்சையும் இன்னொன்று ஊதாவும் அடிக்கும். கிரேஸ்கேல் கொடுத்தால் நிறம் போகும், முகத்தில் புள்ளி தெரியலாம். நான் செய்வது, போனிலேயே லேசாகப் பழுப்பு ஏற்றிவிட்டுப் போடுவது. பழைய ஸ்டுடியோப் படத்துக்கு அது பொருந்தும், நிறம் கொஞ்சம் தடுமாறினாலும் தெரியாது. பின்னால் யார் யார் என்று எழுத நினைத்தால், ஆர்.சி. தாளின் முதுகில் சாதாரணப் பேனா வழுக்கும். பெர்மனென்ட் மார்க்கர் எடுத்து, ஓரமாக எழுதி, இரண்டு நிமிஷம் காயவிட்டு அடுக்குங்கள்.