பேச்சுவார்த்தை, சமரசம், நடுவர் தீர்ப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, அடுப்படியை நீட்டிக் கட்ட கான்ட்ராக்டர் 18,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கி, பாதியில் விட்டுவிட்டார். கோயில் தலைவர் உட்கார்த்திப் பேசியதில், கான்ட்ராக்டர் 12,000 திருப்பித் தருவதாகச் சொன்னார். இது செல்லுமா?

பதில்: வாய்ப்பேச்சாக விட்டால் பிறகு நிரூபிக்கத் திண்டாடுவீர்கள், அம்மா. மனம் மாறுவதற்குள் எழுதி வாங்குங்கள். "சீக்கிரம் தருகிறேன்" என்றால் போதாது. "12,000 வெள்ளியை 6 தவணையில், மாதம் 7ஆம் தேதிக்குள் 2,000 வீதம், இன்ன வங்கிக் கணக்கில் போடுவேன்; ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்டுவேன்" என்று இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரி இல்லாத தாள்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்: கெடு தாண்டிய 2,000-ஐ மட்டுமே கேட்க முடியும், மற்றதற்குக் காத்திருக்க வேண்டும்.

இருவரின் ஐசி (அடையாள அட்டை) எண், கையெழுத்து, தலைவரின் சாட்சிக் கையெழுத்து, ஆளுக்கொரு பிரதி. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் 10 வெள்ளி முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத தாளை அபராதம் கட்டாமல் கோர்ட் சாட்சியமாக ஏற்காது.

அவர் கையெழுத்துப் போட மறுத்தால் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, லாயர் வைத்து வாதாட முடியாது. 3 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: அண்ணே, தோட்டத்து மில்லில் வேலையை விட்டு நீக்கி 50 நாள் ஆகிறது. "பேசி முடிப்போம், பொறு" என்கிறார் மானேஜர்.

பதில்: பொறுக்கவே கூடாது, தம்பி! நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். ஞாயிறும் பெருநாளும் அதில் சேர்த்தி. பேச்சு நடந்தது என்பதற்காகக் கெடு ஒரு நாள்கூட நீளாது. இந்த வாரமே கொடுங்கள். கொடுத்த பிறகும் பேசலாம், இலாகாவே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அங்கே ஒத்துவராவிட்டால் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். சம்பள பாக்கி என்றால் அது தனி, லேபர் ஆபிஸுக்குப் போங்கள்.

கேள்வி: செம்பனைக் குலை வாங்கும் வியாபாரி 40,000 பாக்கி. ஒப்பந்தத்தில் "தகராறு நடுவர் தீர்ப்புக்கு" என்று இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: நடுவர் தீர்ப்பு என்றால் கோர்ட்டுக்கு வெளியே, இரு தரப்பும் ஒப்புக்கொண்டபடி நடுவர் விசாரித்துத் தரும் தீர்ப்பு. நீங்கள் கோர்ட்டில் வழக்குப் போட்டாலும், வியாபாரி அந்த வழக்கில் வேறு எந்த நடவடிக்கையும் எடுப்பதற்கு முன் 2005ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் காட்டி வழக்கை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். எத்தனை நடுவர் என்று எழுதவில்லை என்றால் உள்நாட்டுத் தகராறுக்கு ஒருவர்தான். அவருக்கும் கட்டணம் உண்டு, 40,000-க்கு அது கனம். அதனால் முதலில் சமரசத்துக்கு எழுத்தில் அழையுங்கள். 2012ஆம் ஆண்டு சமரசச் சட்டப்படி 14 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும். எடைச் சீட்டுகளை இன்றே நகல் எடுங்கள், அச்சு மங்கிப்போகும். நடுவர் தீர்ப்பு வந்தால் அதை ரத்து செய்யக் கோர்ட்டில் கேட்க 90 நாள்தான், அதிலும் தகராறை நீதிபதி புதிதாக விசாரிக்க மாட்டார்.

கேள்வி: சமரசத்தில் "ஆமாம், பாக்கி உண்டு" என்று சொன்னால் கோர்ட்டில் காட்டுவார்களா?

பதில்: சமரசம் பேசச் சம்மதிக்கும் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டு, சமரசர் (இரு தரப்பையும் பேச வைப்பவர்) முன் சொன்னதைச் சட்டம் இரகசியமாகக் காக்கிறது. அந்தக் கையெழுத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.