பழைய பாப்கோர்ன் சீலிங்குக்கு நாங்களே பெயின்ற் அடிக்கலாமோ?

ஸ்காபுரோவில 70களில கட்டின ரவுன்ஹவுஸ் வாங்கியிருக்கிறம், சீலிங் முழுக்க பொரிப்பொரியா இருக்கு, மஞ்சளாப் போய்க் கிடக்கு, சுரண்டாமல் மேலால பெயின்ற் அடிச்சாக் காணுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். அடிக்கலாம், நானும் என்ர வீட்டில அடிச்சனான், ஆனா பெயின்ற் வாங்கப் போக முதல் ரெண்டு விசயம் பாத்தே ஆகோணும்.

முதலாவது அஸ்பெஸ்ரோஸ், அதுதான் கல்நார். 1990க்கு முதல் கட்டின வீடுகளில இது இருக்கலாம் எண்டு ஹெல்த் கனடாவே சொல்லுது, இந்தப் பொரி சீலிங்குகளிலயும் அந்தக் காலத்தில கலந்திருக்கினம். ஆனபடியா லாப்பில குடுத்து ரெஸ்ற் பண்ணாமல் அதில கை வைக்காதேங்கோ, சாம்பிள் எடுக்கவும் பழகின ஆளையே கூப்பிடுங்கோ, அதுக்குக் குடுக்கிற காசு வீண் இல்லை. ஊரில அஸ்பெஸ்ரோஸ் சீற் போட்ட வீட்டில வளந்த ஆக்கள் கனபேர் இதில என்ன பயம் எண்டு கேப்பினம். சீற்றில நார் சீமெந்தோட இறுகிக் கிடக்கும், அதையும் வெட்டினா உடைச்சா ஆபத்துத்தான், ஆனா சீலிங்கில இருக்கிறது விரல் பட்டாலே உதிருற சாமான். அந்தத் தூசு நுரையீரலுக்க போனா வருத்தம் இருபது முப்பது வருசம் கழிச்சும் வரும், வீட்டில சின்னப்பிள்ளையள் இருந்தா இதில அசட்டையா இருக்கக் கூடாது. ரெஸ்ற்றில இருக்கெண்டு வந்தா ரோலர், தும்புத்தடி, வாக்கியூம் ஒண்டும் வேண்டாம், உதிராமல் நல்லா இருந்தா அப்பிடியே விடுறதுதான் பாதுகாப்பு, மூடுறதோ எடுக்கிறதோ லைசன்ஸ் உள்ள ஆக்களின்ர வேலை.

இல்லையெண்டு வந்தா ரெண்டாவது விசயம், இதை ஆரும் சொல்லாமல் விட்டிடுவினம். உங்கட சீலிங்குக்கு முந்தி எப்பவாவது பெயின்ற் அடிச்சிருக்கோ இல்லையோ? ஒரு மூலையில கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணிப்போட்டுப் பத்து நிமிசம் பொறுத்துத் தொட்டுப் பாருங்கோ. களி மாதிரி இளகி வந்தா அது பெயின்ற் படாத சீலிங். இதைச் சுரண்டி எடுக்கிற ஆக்கள் முதல் தண்ணி அடிச்சு ஊறவிட்டுத்தான் சுரண்டுறவை, தண்ணியில கலக்கிற லேற்றெக்ஸ் பெயின்ற்றும் அதே வேலையைத்தான் செய்யும், நீங்கள் ரோலரை உருட்ட உருட்டப் பொரி முழுக்க ரோலரோட சேர்ந்து கழண்டு வரும். அதால முதல் பூச்சு தண்ணி இல்லாத பிறைமரா இருக்கோணும், ஒயில் பிறைமர் இல்லாட்டி ஷெல்லாக் (அரக்கு) பிறைமர். தண்ணி பட்டும் இளகாமல் நிண்டா முந்தியே அடிச்சிருக்கினம், பயமில்லை.

ஆனா மஞ்சள் கறை இருக்கிறபடியா ரெண்டு நிலமையிலும் நான் அந்தப் பிறைமர்தான் சொல்லுவன். எங்கட சமையல் தெரியும்தானே, மிளகாய் வறுக்கிறது, தாளிக்கிறது, மீன் பொரிக்கிறது, அந்த எண்ணெய்ப் புகை எல்லாம் போய் ஒவ்வொரு பொரிக்குள்ளயும் ஒட்டிக்கொண்டு கிடக்கும், கழுவவும் ஏலாது, மேலால சும்மா வெள்ளை அடிச்சா கொஞ்ச நாளில மஞ்சள் திரும்ப ஊறி வெளியில வரும். வட்டமா பிறவுண் கறை தெரிஞ்சா அது தண்ணிக் கறை, மேல்மாடி பாத்ரூமில லீக் இருக்கோ எண்டு பாத்து அதை முதல் திருத்துங்கோ. இந்தப் பிறைமர் மணம் சரியான கடுமை, நெருப்பும் பிடிக்கும், ஜன்னல் எல்லாம் திறந்து அடுப்பெல்லாம் நிப்பாட்டி ரெஸ்பிரேற்றர் முகமூடி போட்டுத்தான் அடிக்கோணும். ரொறன்ரோ குளிருக்க ஜன்னல் திறந்து வைக்கிறது நடக்காது, மே பிறக்கும் வரைக்கும் பொறுங்கோ.

ரோலர் முக்கால் இஞ்சிக்குக் குறையாத தடிப்பான மயிர் உள்ளதா வாங்குங்கோ, பொரி சீலிங்குக்கெண்டே கீறல் போட்ட ஃபோம் ரோலரும் விக்கிறாங்கள். ஒரே பக்கமா ஒருக்கா உருட்டிப்போட்டு விட்டிடோணும், ஈரமா இருக்கேக்க விடுபட்ட இடம் கண்ணில பட்டாலும் திரும்பப் போகாதேங்கோ, நனைஞ்ச பொரிக்கு மேல ரெண்டாந்தரம் ரோலர் போனா அதைத் தூக்கிக்கொண்டு வந்திடும். வடிவாக் காய விட்டு ரெண்டாம் பூச்சைக் குறுக்கால அடிச்சா அந்த இடமெல்லாம் மூடுபடும். பெயின்ற் ஃபிளாட் வெள்ளை மட்டும் வாங்குங்கோ, மினுக்கம் இருந்தா லைற் போட்ட உடன ஒவ்வொரு பொரிக்கும் நிழல் விழுந்து அசிங்கமா இருக்கும். அளவும் சாதாரண சீலிங்குக்குக் கணக்குப் பாக்கிறதை விட ஒண்டரை மடங்கு வேணும், பள்ளம் எல்லாம் குடிக்கும்.

நீங்கள் இன்னும் குடிபுகேல்லை எண்டா என்ர விருப்பம் ஸ்ப்ரே மெஷின்தான். வாடகைக்கு எடுக்கலாம், சீலிங்கில ஒண்டும் தொடாது, பொரி விழாது. சுவர், நிலம், ஜன்னல் எல்லாம் பிளாஸ்ரிக் போட்டு மூடுறதுதான் பெரிய வேலை, சாமான் இல்லாத வீட்டில அது லேசு.

ஒண்டை மட்டும் இப்பவே வீட்டில எல்லாரோடயும் இருந்து கதைச்சு முடிவெடுங்கோ. பெயின்ற் அடிச்ச பொரி பிறகு தண்ணி குடிக்காது, சுரண்டுறது கடும் கஷ்ரம். கொஞ்ச வருசத்தில எடுக்கிற எண்ணம் இருந்தா இப்ப அடிக்காதேங்கோ, அந்தக் காசைச் சேர்த்து வைச்சு நேரா மேலால புது ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) போடலாம்.