ஏற்காட்டில் துலிப் கிழங்கு நட்டால் கோடைக்கு முன் பூக்குமா?

பூக்கும், ஆனால் ஃப்ரிட்ஜ் தயவில்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்றாலும், துலிப் தண்டு நீள வேண்டிய 12 வாரக் கடுங்குளிர் அங்கே கிடையாது. செப்டம்பர் கடைசியில் கிழங்கைக் காகிதப் பையில் போட்டு 4 முதல் 7 டிகிரியில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் கூடவே கூடாது. அவை விடும் எத்திலீன் என்ற வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். ஜனவரி முதல் வாரம் வெளியே எடுத்த அன்றே, கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆழத்தில், மணல் கலந்த மண்ணில், கூர்முனை மேலே பார்க்க நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகும். மறு வருடமும் அதே கிழங்கு பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சேலம் டவுனில் இந்தப் பாடே வீண். பந்து போலச் சிவப்பாகப் பூக்கும் கிழங்குச் செடியான ஃபுட்பால் லில்லி வையுங்கள்: குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்தினால், கோடை மழை விழுந்ததும் பூத்தண்டு கிளம்பும்.